பேட்மேன் மனசுக்குள் எத்தனை திரை?

போன ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், தரையில் பரப்பியிருந்த பழைய புத்தகங்களில் ஒரு பேட்மேனை எடுத்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கூட வந்திருந்த தங்கை மகள் அப்போதுதான் இதைக் கேட்டாள். வடலூரில் பிளஸ் டூ படிக்கிறவள்.

"மாமா, பேட்மேனுக்குப் பறக்கத் தெரியாது. குண்டு பட்டா ரத்தம் வரும். சரி, மூளையாலயும் பயிற்சியாலயும் சமாளிக்கிறார்னு வச்சுக்கலாம். எதிர்ல நிக்கிறவன் மனசையே படிக்கிறவனா இருந்தா? போட்ட திட்டமெல்லாம் அவனுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுமே. எங்க ஊர் வள்ளலார் சபையில ஏழு திரை இருக்கிற மாதிரி இவரும் மனசுக்குள்ள திரை போட்டு வச்சிருக்காரா? இல்ல, கதை எழுதறவங்க இவருக்கு மட்டும் சலுகை காட்டறாங்களா?"

நின்றபடி பதில் சொல்லி முடிகிற கேள்வியாக அது எனக்குப் படவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொன்னேன். இதோ.

முதலில் நேரடி விடை. டெலிபதி உள்ள ஒருவர் மனதைப் படிப்பதை பேட்மேனால் நிறுத்த முடியாது. அவர் மனிதர், மூளையில் கவசம் எதுவும் கிடையாது. படித்தவர் அதை வைத்துத் தான் நினைத்த காரியத்தைச் செய்து முடிப்பதைத்தான் அவரால் கெடுக்க முடியும். நல்ல கதாசிரியர்கள் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். மற்றவர்கள் "அவருக்கு மனவலிமை அதிகம்" என்று ஒரு வரியில் தாண்டிப் போயிருக்கிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் நீ சலுகை என்கிறாய். அந்த இடங்களில் நீ சொல்வது சரி.

மனவலிமை என்றதும் நமக்குக் கோட்டைச் சுவர் ஞாபகம் வருகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணத்தை அடக்குவது, கதவை இழுத்துச் சாத்துவது. அது வேலைக்கு ஆகாது என்பதை நம் வீட்டுக் கிழவிகள் ஒரு குரங்கை வைத்தே சொல்லிவிட்டார்கள். வைத்தியர் மருந்தைக் கொடுத்து, "குடிக்கிறப்போ குரங்கை மட்டும் நினைச்சிடாதே" என்று அனுப்பினாராம். அதுவரை வாழ்நாளில் குரங்கையே நினைக்காதவனுக்கு, மருந்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் குரங்கு வந்து எதிரே உட்கார்ந்ததாம்.

1987இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவர் குழுவினரும் இதையே வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் மனதில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும். மாணவர்களால் அடக்க முடியவில்லை, மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு "இப்போது தாராளமாக நினைக்கலாம்" என்றதும், தொடக்கத்திலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. இன்னொரு சுற்றில், கரடி வந்தால் அதற்குப் பதில் ஒரு சிவப்பு வோக்ஸ்வேகன் காரை நினையுங்கள் என்று சொல்லிவைத்தார்கள். அந்தக் கார் இருந்தவர்களுக்கு, அடக்கியது பின்னால் பொங்கி வருவது குறைந்தது.

மனம் படிப்பவர் எதிரே நின்று "உன் ரகசியம் என்ன?" என்று கேட்கும் கணத்தை யோசித்துப் பார். மறைக்க முயல்கிறவன் மனதில் முதலில் மேலே வருவது அந்த ரகசியம்தான். சுவர் கட்டுகிறவன் பொருள் எங்கே இருக்கிறது என்று தானே காட்டிக் கொடுக்கிறான். அந்த நேரத்தில் ஓட்டிக் காட்ட அவனிடம் ஒரு கார் இருந்தாக வேண்டும், அதையும் முன்கூட்டியே ஓட்டிப் பழகியிருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை மிக அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் எட்டாவது படித்தபோது பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு கவனகரை அழைத்திருந்தார்கள். ஒரே நேரத்தில் பல காரியங்களில் கவனம் வைத்துக் காட்டுகிறவர். அட்டாவதானி, சதாவதானி என்று பழைய தலைமுறை சொல்லுமே, அந்தக் கலைதான். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் செய்குத்தம்பிப் பாவலர் நூறு கவனகம் செய்து சதாவதானி என்று பெயர் பெற்றார். எங்கள் பள்ளிக்கு வந்தவர் செய்து காட்டியது பத்து. தமிழாசிரியர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்டார். ஒருவர் ஏதோ ஒரு வருடம், தேதி சொல்லி அன்றைய கிழமை கேட்டார். ஒருவர் அவ்வப்போது மணி அடித்தார். பேச்சுக் கொடுத்துக் குழப்புவதற்கென்றே ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்று, நினைத்தபோது ஒரு புளியங்கொட்டையை அவர் முதுகில் எறிவது என் வேலை.

நான் நின்ற இடத்திலிருந்து அவர் பிடரியும் காதும் மட்டும் தெரிந்தன. கொட்டை பட்டால் தோள் கொஞ்சமாவது அசையும் என்று எதிர்பார்த்தேன். அசையவே இல்லை. வெண்பாவின் இரண்டாவது அடியைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வேண்டுமென்றே அடுத்தடுத்து இரண்டு போட்டேன். அடி தடங்காமல் ஓடியது. கடைசியில் மணி எத்தனை என்று சொன்னார், கிழமை சொன்னார், பிறகு என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, "தம்பி பதினேழு போட்டார், நடுவில ரெண்டு சேர்ந்து விழுந்துது" என்றார்.

நிகழ்ச்சி முடிந்து அவர் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போய்க் கேட்டேன், "ஐயா, பாட்டு சொல்லிக்கிட்டே எப்படி எண்ணுனீங்க?"

"நான் எண்ணல தம்பி. எண்றவனை ஓரமா உட்கார வச்சுட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்."

பேட்மேன் கதைகளைப் பிற்காலத்தில் படித்தபோது அந்த வாசகம் திரும்பத் திரும்ப என் நினைவுக்கு வந்தது. ஒரு டெலிபதிக்காரர் அந்தக் கவனகர் மனதுக்குள் அந்த நேரத்தில் புகுந்திருந்தால் என்ன கண்டிருப்பார்? வெண்பா, மணி, கிழமைக் கணக்கு, குறுக்கே பேசுகிறவர் குரல். எல்லாமே உண்மையான எண்ணங்கள், ஒன்றும் நாடகம் இல்லை. ஓரமாக உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பவன் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்திருக்கும். உன் ஊர்த் திரைகளுக்கு வள்ளலார் வைத்த பொருள் வேறு, பெரியது, அதை இதோடு சேர்க்க மாட்டேன். கேள்விக்கு நீ பிடித்த உவமை மட்டும் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. திரை வழியை அடைப்பதில்லை. ஒன்றை விலக்கினால் இன்னொன்று நிற்கும், ஒவ்வொன்றையும் விலக்க நேரம் வேண்டும். சண்டையில் அந்த நேரம் போதும்.

ஓரமாக ஒருவனை உட்காரவைக்கும் வேலையை பேட்மேன் அப்படியே செய்திருக்கிறார். கிராண்ட் மாரிசன் எழுதி 2008இல் வந்த கதையில், என்றாவது ஒருநாள் தன் மனதைத் தாக்கி உடைப்பார்கள் என்று எதிர்பார்த்து, தனக்குள் ஒரு மாற்று ஆளை முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறார் புரூஸ் வெய்ன், அதுதான் பேட்மேனின் நிஜப் பெயர். பெயர் ஸுர்-என்-ஆர். அந்தப் பெயரே 1958இல் வந்த ஒரு பழைய பேட்மேன் கதையிலிருந்து எடுத்தது. புரூஸ் வெய்ன் என்ற மனம் சாய்ந்துவிட்டால் இந்த இன்னொருவன் எழுந்து உடம்பை நடத்துவான். சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகக் கந்தலைத் தைத்துப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்குகிறான், இரக்கம் இல்லாமல் அடிக்கிறான். புரூஸ் வெய்னை உடைப்பதற்கென்றே திட்டம் போட்டவர்கள் உடைத்தும் விட்டார்கள். அதற்கு அடியில் இன்னொரு ஆள் இருப்பான் என்று மட்டும் அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்து வருகிறது. அதே 2008இல், இரண்டே இதழ்களில் முடிகிற கதை. எதிரிகள் பேட்மேனைப் பிடித்து ஒரு இயந்திரத்தில் கட்டிப்போடுகிறார்கள். அவர் உடம்பிலிருந்து நகல் வீரர்களைச் செய்து, அவர் நினைவுகளை உறிஞ்சி அந்த நகல்களுக்கு ஊற்றினால் ஒரு படையே பேட்மேனாகிவிடும் என்பது கணக்கு. நினைவுகளை உறிஞ்சுவதற்காக லம்ப் என்ற ஒரு பிராணியை அவர் மனதுக்குள் அனுப்புகிறார்கள். அது ஆல்ஃபிரட் உருவத்தில் வருகிறது. சின்ன வயதிலிருந்து வளர்த்த மனிதரின் முகம், அவர் நம்புகிற ஒரே குரல்.

அவர் அதைத் தடுக்கவில்லை. கேட்டதையெல்லாம் கொடுக்கிறார். சந்தில் அப்பாவும் அம்மாவும் சுடப்பட்டு விழுந்த இரவு முதல், இறந்துபோன அவருடைய இளம் உதவியாள் ராபின் வரை, ஒவ்வொரு இழப்பும் அதன் முழு எடையோடு நகல்களுக்குள் போய் விழுகிறது. அந்த நினைவுகளோடு பல வருடம் தூங்கி எழுந்து பழகியவர் அவர் ஒருவர்தான். நேற்றுச் செய்த நகல்கள் ஒரே மூச்சில் அத்தனையையும் வாங்கித் தாங்க முடியாமல் அழிகின்றன. உள்ளே புகுந்த லம்ப்பையும் அவர் பேசித் தன் பக்கம் திருப்பிவிடுகிறார். என் பார்வையில் பேட்மேனின் மனக்கட்டுப்பாடு என்றால் இந்தக் கதைதான். தன் துக்கத்தை அவர் எங்கும் ஒளித்து வைத்திருக்கவில்லை. அதைத் தினமும் சுமக்கப் பழகியிருந்தார், திருடியவனுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

மற்ற ஹீரோக்களிடம் இந்த அளவுக்குச் சரக்கு இல்லை. மார்வல் காமிக்ஸ் பக்கம் 1963இல் மனம் படிக்கும் புரொஃபஸர் எக்ஸ் வந்த பிறகு, அவரைச் சமாளிக்க அவர் எதிரி மேக்னீட்டோவுக்கு ஒரு ஹெல்மெட் போதுமானதாக இருக்கிறது. அது கருவி, அதில் மனம் செய்கிற வேலை ஒன்றுமில்லை. சூப்பர்மேன் கதை இன்னும் பரிதாபம். 2005இல் மேக்ஸ்வெல் லார்ட் என்பவன் அவர் மனதுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் புகுந்து, அவர் மனைவி லோயிஸைக் கொல்கிறார்கள் என்று நம்பவைத்து, அந்தக் கோபத்தில் பேட்மேனையே சாகும் அளவுக்கு அடிக்க வைக்கிறான். மலையைத் தூக்கும் உடம்பு அங்கே எதற்கும் உதவவில்லை.

இந்த லார்ட் செய்த வேலை வெறும் படிப்பைவிட ஆபத்தானது. எங்கள் தலைமுறைக்கு இந்த வித்தை காமிக்ஸ் மந்திரவாதி மாண்ட்ரேக் மூலம்தான் அறிமுகம். அவர் கையை வீசினால் துப்பாக்கி பாம்பாகத் தெரியும். ஆனால் மாண்ட்ரேக் எதிரியின் கண்ணைத்தான் ஏமாற்றுவார். லார்ட் மாதிரி ஆட்கள் எண்ணத்தையே உள்ளே வைத்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வந்த எண்ணம் உன் குரலில், உன் நியாயத்தோடு உனக்குள் பேசும். அதை அந்நியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பாய்?

இதற்குப் புதுச்சேரியில் நூறு வருடத்துக்கு மேலாகப் பேசப்பட்டு வரும் ஒரு பயிற்சி உண்டு. ஸ்ரீ அரவிந்தர் 1910 ஏப்ரலில் இங்கே கப்பலில் வந்து இறங்குவதற்கு இரண்டு வருடம் முன்பு, பரோடாவில் விஷ்ணு பாஸ்கர் லேலே என்ற யோகியோடு மூன்று நாள் ஓர் அறையில் உட்கார்ந்தார். லேலே சொல்லிக் கொடுத்தது எளிமையான ஒன்று. எண்ணத்தை அடக்காதே, மனதைப் பார்த்துக்கொண்டிரு. எண்ணங்கள் வெளியிலிருந்து வருவது தெரியும், உள்ளே நுழையுமுன் தள்ளிவிடு. எண்ணம் வெளியிலிருந்து வரும் என்று தான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை என்றும், பார்த்தபோது அப்படித்தான் வந்தது என்றும், மூன்று நாளில் மனம் முழு மௌனத்துக்கு வந்துவிட்டது என்றும் அரவிந்தர் பின்னாளில் எழுதினார். யோகத்தில் இதன் நோக்கம் எதிரியைச் சமாளிப்பது கிடையாது, அதை ஒரு காமிக்ஸ் சண்டைக்குச் சுருக்கக் கூடாது. ஆனால் வாசலில் உட்கார்ந்து வருகிறவர் முகத்தைப் பார்க்கும் அந்தப் பழக்கம் மட்டும்தான் லார்ட் மாதிரி ஒருவனுக்கு எதிரே நிற்கும் என்று நினைக்கிறேன். தன் வீட்டில் விளக்கு அணைந்தாலும் எந்தப் படி தேய்ந்திருக்கிறது, எந்தக் கதவு கிறீச்சிடும் என்று தெரிந்தவனுக்கு, இருட்டில் அந்நியக் காலடி தனியாகக் கேட்கும்.

பேட்மேன் அப்படிக் கேட்ட இடம் ஒன்று உண்டு. 1992இல் வந்த கார்ட்டூன் தொடரின் ஒரு கதையில் கண் விழிக்கிறார். அப்பா அம்மா உயிரோடு இருக்கிறார்கள், கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பேட்மேனாக வேறு யாரோ இருக்கிறார்கள். வேண்டியதெல்லாம் கையில் கிடைத்துவிட்டது. செய்தித்தாளைப் பிரிக்கிறார், எழுத்துகள் கலைந்து கிடக்கின்றன. புத்தகத்தை எடுத்தால் அதிலும் அப்படியே. கனவில் படிக்க முடியாது என்ற கணக்கை வைத்து, இது தன் மனதில் யாரோ ஓட்டுகிற காட்சி என்று முடிவுக்கு வருகிறார். அம்மாவும் அப்பாவும் உயிரோடு இருக்கும் அந்த உலகத்துக்குள் இருந்தபடியே அந்த முடிவுக்கு வருகிறார் பார், அங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும்.

தோற்ற இடங்களையும் சொல்ல வேண்டும். அதே ஆசைதான் 1985இல் அவரை வீழ்த்தியது. சூப்பர்மேனின் மார்பில் ஒட்டிக்கொண்டு, அவர் ஏங்கியதையெல்லாம் கனவாகக் காட்டி உயிரை உறிஞ்சிக்கொண்டிருந்த ஒரு செடியை பேட்மேன் பிய்த்து எடுக்கிறார். அது இவர் மேல் தாவிவிடுகிறது. அடுத்த கட்டத்தில் அந்தச் சந்து, துப்பாக்கிக்காரன், அப்பா அவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்குகிறார், எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். இங்கே எழுத்து கலையவில்லை, சந்தேகம் எழவில்லை. சின்னப் பையன் ராபின் வந்து செடியைப் பிய்த்துப் போட்டதால் பிழைத்தார். பயத்துக்கு எதிராக வாழ்நாள் முழுக்கப் பயிற்சி எடுத்தவர், ஆசைக்கு எதிராக அந்த அளவு எடுக்கவில்லை.

இன்னொரு தோல்வி நண்பர்களிடம். 2004இல் வந்த கதை அதைச் சொல்கிறது. பேட்மேனும் சேர்ந்திருக்கிற ஜஸ்டிஸ் லீக் என்ற ஹீரோக்கள் கூட்டத்தின் தோழர்கள் சிலர் ஒரு குற்றவாளியின் மனதையே மாற்றி அமைக்கிறார்கள். நடுவில் வந்து பார்த்த பேட்மேன் தடுக்கப் போகிறார். அவர்களில் ஒருத்தியான மந்திரக்காரி ஸடானா தன் மந்திரத்தால் அவர் நினைவிலிருந்து அந்தச் சில நிமிடங்களை அழித்துவிடுகிறாள். திரை எதுவும் நிற்கவில்லை, ஓரமாக உட்கார்ந்தவனும் எழவில்லை. எதிரிக்காக வைத்த காவல் தோழி வரும்போது எழுந்து நிற்காது. உண்மை தெரிந்த பிறகு அவர் பட்ட காயம் பெரியது. தோழர்களையே கண்காணிக்க ஒரு செயற்கைக்கோளைச் செய்து வானில் வைக்கும் அளவுக்குப் போனார், அது பிறகு ஊருக்கே வினையானது. ஸுர்-என்-ஆர் என்ற அந்த மாற்று ஆளும் கடைசியில் வினையாகத்தான் முடிந்தான். 2022இலிருந்து வந்த கதைகளில், அவன் ரகசியமாகச் செய்து வைத்த இயந்திரம் பேட்மேனையே வேட்டையாடுகிறது. உனக்குள் இன்னொருவனை உட்காரவைத்தால் அவன் எழுந்து போகச் சொன்னதும் போவான் என்று உத்தரவாதம் இல்லை. இதைச் சொன்னதால்தான் அந்தக் கதைகளை நேர்மையானவை என்று மதிக்கிறேன்.

இனி நீ நிச்சயம் அடுத்துக் கேட்கப் போவது: மார்ஷியன் மேன்ஹன்டர் ஜான் ஜான்ஸ் நேருக்கு நேர் மோதினால்? 1955இலிருந்து இருக்கிற பாத்திரம், செவ்வாய்க் கிரகத்துக்காரர், லீக் தோழர், பேட்மேன் கதைகளை வெளியிடும் டிசியின் உலகத்தில் மிகப் பெரிய மனம் படிப்பவர்களில் ஒருவர். முழு மனதோடு இறங்கினால் முதல் நிமிடத்தில் ஜான் ஜெயிப்பார். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை. பேட்மேனின் வேலையெல்லாம் அந்த நிமிடத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

1997இல் ஜானின் கிரகத்தைச் சேர்ந்த வெள்ளைச் செவ்வாய்க்காரர்கள் படையெடுத்தபோது நடந்தது இதுதான். சூப்பர்மேன் உட்பட லீக்காரர்களைப் பிடித்துவிட்டார்கள். பேட்மேன் விமானம் எரிந்து விழுந்தது, மனிதன்தானே, செத்திருப்பான் என்று விட்டுவிட்டார்கள். எரியும் விமானத்தை ஏன் யாரும் கிட்டே வந்து பார்க்கவில்லை என்று இவர் யோசிக்கிறார். செவ்வாய்க்காரர்களுக்கு நெருப்பு ஆகாது. நெருப்புக்குப் பயப்படுகிறார்கள் என்றால் இவர்கள் யார் என்று புரிந்துவிடுகிறது. பிறகு தரையில் பெட்ரோலை ஊற்றி வைத்துவிட்டு அவர்களை வரவழைக்கிறார், கையில் ஒரு தீக்குச்சி. அவர்களால் அவர் மனதைப் படித்திருக்க முடியும். படிக்கத் தகுந்த ஆள் என்று அவரை நினைக்கவே இல்லை.

ஜான் அப்படி அலட்சியம் செய்கிறவர் இல்லை. சண்டைகளில் லீக் தோழர்கள் அத்தனை பேரின் மனங்களையும் கோத்துப் பிடித்துக்கொண்டு பேசவைக்கிறவர் அவர். பேட்மேனின் மனமும் அந்தக் கோவையில் இருந்திருக்கிறது. அப்படியிருந்தும் 2000இல், தோழர்கள் ஒவ்வொருவரையும் எப்படி வீழ்த்துவது என்று பேட்மேன் எழுதிவைத்திருந்த திட்டங்கள் திருடு போனபோது, ஜானுக்கு அவற்றைப் பற்றி எதுவும் தெரிந்திருக்கவில்லை. அவருக்கென்று எழுதியிருந்தது, தோலை மக்னீசியமாக மாற்றும் நுண்கருவிகள், காற்றுப் பட்டதும் பற்றி எரியும்படி. திரைகள் அவ்வளவு நன்றாக மறைத்தனவா, அல்லது அனுமதி இல்லாமல் நண்பன் மனதின் உள்ளறைக்குள் போகக் கூடாது என்று ஜான் வாசலோடு நின்றுவிட்டாரா? இரண்டும் என்றுதான் நான் படிக்கிறேன். பேட்மேன் தன் திட்டத்தில் ஜானின் அந்த மரியாதையையும் கணக்கில் சேர்த்திருந்தார் என்பது என் எண்ணம். லீக் அவரை வைத்துக்கொள்வதா வெளியே அனுப்புவதா என்று வாக்கெடுத்தபோது, முடிவைக் கேட்காமலே அவர் எழுந்து போய்விட்டார்.

பேரம் பேசிய புத்தகம் உனக்காகத்தான் வாங்கினேன், அந்த 1997 கதைதான் அது. அடுத்த முறை வரும்போது எடுத்துக்கொண்டு போ. பெட்ரோல் ஊற்றி வைத்திருக்கும் பக்கத்துக்கு வரும்போது, அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்.